துள்ளி வரும் விலங்கின் முன் அஞ்சாமல் நிற்கப் பழகுவது எப்படி?

கதவு திறந்ததும் வீட்டுக்குள்ளிருந்து நாய்க்குட்டி ஒன்று வாலைக் குழைத்துக்கொண்டு ஓடி வருகிறது. வந்த வேகத்திலேயே விருந்தினரின் முழங்காலில் முன்னங்கால்களைத் தூக்கி வைக்கிறது. "ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும், நாயைக் கண்டாலே உடல் நடுங்குகிற ஒருவருக்கு அந்தச் சொல் எவ்வகையிலும் உதவுவதில்லை. அவருடைய அச்சம் யாரோ சொல்லி வந்ததன்று, ஆகவே யாரோ சொல்லிப் போவதும் இல்லை. அப்படி அஞ்சுகிறவர்களுக்காகவும், அஞ்சுகிற பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்காகவும், விலங்கை வளர்த்துக்கொண்டு விருந்தினரை வரவேற்கிறவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் அச்சம் எப்படி வளர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி, நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பாகவே ஆபத்து என்று அறிவித்துவிடுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கால் ஓடத் துடிக்கிறது. இதில் குறை எதுவும் இல்லை, நம் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடுதான் அது. சிக்கல் அதற்கு அடுத்த நொடியில் தொடங்குகிறது. நாம் விலகி ஓடியவுடன் ஒரு நிம்மதி பிறக்கிறது; ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடல் அந்த நிம்மதியிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறது. சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். விலகி விலகிச் செல்லும் வழக்கத்தினால், ஒருமுறைகூடச் சூடுபடாத பூனையும் அடுப்பங்கரைக்கு அஞ்சத் தொடங்கிவிடுகிறது. நாயிடம் ஒருநாளும் கடிபடாத பலர் வாழ்நாள் முழுவதும் நாய்க்கு அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதை மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஏறத்தாழ மூன்று வயதான, பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட சிறுவன், முயலுக்கு அஞ்சினான்; கம்பளி மேலாடை, இறகு, பஞ்சு ஆகியவற்றையும் கண்டு அஞ்சினான். ஜோன்ஸ் அவனிடம் வாதிடவில்லை, அவனை வற்புறுத்தவும் இல்லை. அவன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு அறையின் ஓரத்தில் வைத்தார். பன்னிரண்டு அடித் தொலைவில் இருந்ததை அவன் பொறுத்துக்கொண்டான். பிறகு நான்கு அடி, பிறகு மூன்று அடி, பிறகு அருகிலேயே கூண்டு, அதன் பின்னர் அறையில் சுதந்திரமாக உலவும் முயல் என்று படிகள் நகர்ந்தன. முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகள் அதனோடு விளையாடுவதையும் அவன் பார்த்தான். இறுதியில் தன் விரல்களை முயல் கொறிக்க விட்டு நிற்கும் நிலைக்கு அவன் வந்து சேர்ந்தான். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் விலங்கச்சத்தைப் போக்கும் முறைகளின் அடிப்படை இதுதான். தொலைவு, நேரம், உடன் ஒரு மகிழ்ச்சி ஆகிய மூன்றும் போதும். துணிச்சல் என்பது தொடக்கத்தில் தேவைப்படும் பொருளன்று. அது கடைசியில் தானாக வந்து சேர்வது.

விளையாட்டுத்தனமான விலங்குதான் அஞ்சுகிறவருக்குக் கடினமானது என்பதை வளர்ப்பவர்கள் பலர் உணர்வதில்லை. தூங்கிக் கிடக்கும் முதிய நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறவர்கூட, துள்ளும் குட்டியைக் கண்டால் நாற்காலியின்மேல் ஏறிவிடுகிறார். துரத்துவது, பாய்வது, கவ்வுவது, உறுமுவது என்று விலங்கின் விளையாட்டு பெரும்பாலும் சண்டையிலிருந்தும் வேட்டையிலிருந்தும் கடன் வாங்கிய அசைவுகளால் ஆனது. அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க முடியாததுதான் மனிதரை மிகவும் அச்சுறுத்துவது. ஆகவே, விளையாட்டின் மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இந்தப் பயிற்சியில் முதலில் செய்ய வேண்டிய வேலை என்று நான் கருதுகிறேன். தொடுவதற்கு முன் பல நாள் வெறுமனே பார்க்க வேண்டும்.

நாயிடம் பார்க்க வேண்டிய முதல் அடையாளம், முன்னங்கைகள் இரண்டையும் முழங்கை வரை தரையில் படியவைத்து, பின்பகுதியை உயர்த்தி, வாலை ஆட்டும் அந்த நிலை. இனி நான் செய்யப்போவது எல்லாம் விளையாட்டு என்று அது எதிரில் இருப்பவருக்கு அறிவிக்கிறது. ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் இடையில், தான் இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருப்பதாக நினைவூட்டவும் அதையே மீண்டும் செய்கிறது. விளையாடும் நாயின் உடல் தளர்ந்து, வளைந்து நெளியும். வாய் லேசாகத் திறந்து நாக்கு தொங்கும். தேவைக்கு மேல் துள்ளும். இரண்டு நாய்கள் விளையாடினால் துரத்துகிறவரும் ஓடுகிறவரும் அடிக்கடி இடம் மாறிக்கொள்வதையும், பெரிய நாய் சிறிய நாய்க்காகத் தானே மல்லாந்து படுத்துக்கொடுப்பதையும் காணலாம். இதற்கு மாறாக, உடல் விறைத்து அசைவற்று நிற்பது, வாயை இறுக மூடிக்கொண்டு உற்றுப் பார்ப்பது, முதுகு மயிர் சிலிர்ப்பது ஆகியவை விளையாட்டல்ல. அச்சத்தில் இருக்கும் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளைப் பகுதி ஓரத்தில் தெரியும், உணவே இல்லாதபோதும் உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், வாலைக் கால்களுக்கிடையில் செருகும். வாலாட்டுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. உயர்த்திய விறைத்த வால் வேகமாகத் துடிப்பது நட்பைக் குறிக்காது.

என் அக்கா மகளுக்கு அப்போது ஆறு வயது. என் தோழி வீட்டு ஐந்துமாத நாய்க்குட்டிக்கு அஞ்சி, அந்த வீட்டுப் பக்கமே வர மறுத்தாள். முதல் நாள் நாங்கள் உள்ளே போகவில்லை. கம்பிக்கதவுக்கு வெளியே, ஏறத்தாழ பதினைந்து அடி தள்ளி நின்றோம். "சித்தி, அது என்னைப் பார்க்குது" என்று என் கையை நெரித்தாள். ஆமாம், பார்க்கிறது, வேறு என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டேன். குட்டி கதவருகே வந்து முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நின்றது. சட்டென்று எழுந்து ஒரு வட்டம் ஓடிவிட்டு, மீண்டும் வந்து அப்படியே நின்றது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கும்பிடு போடுது" என்றாள். அதற்குப் பெயர் வைத்துவிட்ட அந்த நொடியில் அவளுடைய பிடி தளர்ந்ததை என் விரல்கள் உணர்ந்தன. அடுத்த நாள் அது எத்தனை கும்பிடு போடுகிறது என்று எண்ணுவதற்காகவே அவள் வந்தாள். அச்சத்தோடு வெறுமனே நிற்பதைவிட, எண்ணுவதற்கும் கவனிப்பதற்கும் ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எத்தனை எளிது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

படிகளை வகுக்கும்போது ஒரு தாளில் மிக எளிதானதிலிருந்து மிகக் கடினமானது வரை எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் பார்ப்பது, விளையாடும் நாயின் காணொளியை ஒலியின்றிப் பார்ப்பது, பிறகு ஒலியுடன் பார்ப்பது, சன்னல் வழியாகப் பார்ப்பது, பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கும் நாயை எதிர்த்திசையில் கடந்து செல்வது, ஒரே அறையில் வார் கட்டிய நாயுடன் இருப்பது என்று அது நீளலாம். ஒவ்வொரு படிக்கும் அச்சத்தின் அளவைச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டு எழுதுங்கள். மூன்று அல்லது நான்கு என்று தோன்றும் படியில் தொடங்க வேண்டும். ஒன்றும் தோன்றாத படியில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ஒன்பது என்று தோன்றும் படியில் உடல் கற்கும் நிலையிலேயே இருப்பதில்லை. படியில் நிற்கும்போது, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்று மந்தமாகும். அச்சம் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கத் தொடங்கும் வரை அங்கேயே இருந்துவிட்டு, அதன் பிறகு விலகுவதே இதில் மிக முக்கியமானது. உச்சத்தில் இருக்கும்போது விலகினால், முன்பு சொன்ன பழைய பாடத்தையே உடல் மறுபடியும் படித்துவிட்டுப் போகும். முடியவே இல்லையென்றால் முழுவதும் ஓடிவிடாமல் முந்தைய படிக்கு மட்டும் இறங்கி, அங்கே அமைதியாக முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை அஞ்சுகிறவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து நாயின் முதுகில் வைப்பதும், குட்டியைத் தூக்கிக் குழந்தையின் மடியில் போடுவதும், பயம் தெளிந்துவிடும் என்று கருதிப் பெரியவர்கள் செய்யும் கொடுமைகள்; இவற்றைச் செய்கிறவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள் என்றாலும், குழந்தைக்கு அதில் எஞ்சுவது நாயின்மேல் ஓர் அச்சமும் பெரியவர்மேல் ஓர் ஐயமும்தான். அதற்குப் பதிலாக, அஞ்சாத வேறொரு குழந்தை விளையாடுவதைப் பார்க்க விடுங்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், நாய்க்கு அஞ்சும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், தங்களையொத்த ஒரு சிறுவன் நாயுடன் மெல்ல மெல்ல நெருங்கிப் பழகுவதை நான்கு நாட்களில் எட்டு அமர்வுகளாகப் பார்த்தார்கள். பின்னர் அவர்களில் பலர் தாங்களே நாயை அணுகினார்கள். அச்சமும் இதே வழியில்தான் தொற்றுகிறது என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது. நாயைக் கண்டதும் பிள்ளையைச் சட்டென்று இடுப்பில் தூக்கிக்கொள்ளும் தாய், வாயால் என்ன சொன்னாலும், உடலால் வேறொன்றைச் சொல்லிவிடுகிறார்.

நேருக்கு நேர் சந்திக்கும் நாள் வரும்போது, வளர்ப்பவர் அருகில் இருக்க வேண்டும், நாய் வாரில் இருக்க வேண்டும், அது ஏற்கெனவே ஓடியாடிச் சற்றுக் களைத்திருந்தால் மிகவும் நல்லது. நாயின் முகத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், குனிந்து கவிழாதீர்கள், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். கையை நீட்டி முகத்தருகே கொண்டுபோக வேண்டியதில்லை, தொங்கவிட்டாலே போதும். முகர வேண்டுமென்றால் அதுவே வரும். முகர்ந்து முடித்து அருகிலேயே நின்றால், உச்சந்தலையைத் தொடாமல், மார்பிலோ தோளின் பக்கவாட்டிலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மேலும் நெருங்கி வந்தால் அதற்கு விருப்பம் என்று பொருள். தலையைத் திருப்பினாலோ நகர்ந்தாலோ போதும் என்று பொருள். இந்த மூன்று நொடிப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அஞ்சுகிறவருக்கு எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற உறுதியை அது தருகிறது, நாய்க்கும் அதே உறுதியைத் தருகிறது.

குட்டி மேலே தாவினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பயின்றுகொள்ளுங்கள். கத்துவதும், கைகளை உயர்த்துவதும், ஓடுவதும் குட்டிக்கு விளையாட்டு சூடுபிடித்துவிட்டது என்றே தோன்றும். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. ஆகவே கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, முகத்தையும் உடலையும் திருப்பி, மரம்போல் அசையாமல் நின்றால், பதில் கிடைக்காத குட்டி சற்று நேரத்தில் இறங்கிவிடும். நான்கு கால்களும் தரையில் பட்டதும் மெல்லிய குரலில் பேசுங்கள். வீட்டில் ஒருவர் குட்டியாக நடித்து வர, மற்றவர் மரமாக நிற்கும் ஒத்திகையைப் பிள்ளைகள் சலிக்காமல் செய்வார்கள். குட்டிகள் விரலைக் கவ்வுவதும் பலரை மிரட்டுகிறது. நாய்க்குட்டிக்கு ஊசிபோல் கூரான 28 பால் பற்கள் உண்டு; ஏறத்தாழ ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடும். அதுவரை அது உலகை வாயால்தான் தொட்டுப் பார்க்கிறது. பொய்க்கடி கடிக்கும்போது கையைப் பறித்து இழுக்காமல், கையை அசைவற்று வைத்து, மெல்லும் பொம்மை ஒன்றை அதன் வாய்க்குக் கொடுப்பதே நல்லது.

பூனையிடம் இந்த வரிசை சற்று மாறும். நெட்டுக்குத்தாக உயர்த்திய வாலுடன் வரும் பூனை நட்போடு வருகிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டும் பூனை அதைத் தடவச் சொல்லவில்லை. பாதிக் கண்ணை மெல்ல மூடித் திறந்து காட்டிய அந்நியரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்ததை, பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொலைவில் இருந்தே செய்யக்கூடியது என்பதால், அஞ்சுகிறவர்களுக்கு இது மிகவும் பொருத்தமான முதல் உரையாடல். முயல் மகிழ்ந்தால் அந்தரத்தில் உடலை முறுக்கித் துள்ளும், ஆனால் தூக்குவதை விரும்பாது. தரையில் உட்கார்ந்து காத்திருங்கள்.

விலங்குக்கும் புதியதைக் கண்டு அஞ்சும் இயல்பு உண்டு என்று அறிவது பலருக்கு ஆறுதல் தருவதைக் கண்டிருக்கிறேன். எலிகள் தங்கள் பாதையில் புதிதாக வைக்கப்பட்ட பொருளைச் சில நாட்கள் நெருங்காமலே சுற்றிப் போகும். நாய்க்குட்டிகள் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை புதிய மனிதர்களையும் ஓசைகளையும் எளிதாக ஏற்றுக்கொள்கின்றன. பூனைக்குட்டிகளுக்கு இந்தக் காலம் இன்னும் குறுகியது, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்தக் காலத்தில் எதையும் பார்க்காமல் வளர்ந்த விலங்கு, பின்னர் குடை விரிவதற்கும் அஞ்சும். மனிதக் குழந்தைகளிலும் வேறுபாடு உண்டு. நான்கு மாதக் குழந்தைகளிடம் புதிய ஒலிகளையும் பொம்மைகளையும் காட்டி ஆராய்ந்த உளவியலாளர் ஜெரோம் கேகன், ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை மற்றவர்களைவிட வலுவாகக் கை கால் உதைத்து அழுவதைக் கண்டார். வளரும்போது அவர்களில் பலர் புதியதைத் தயங்கி அணுகுகிறவர்களாக இருந்தார்கள். ஆகவே, தயங்கும் பிள்ளையைக் கோழை என்று அழைப்பது அறியாமை. அவர்களுக்கு வேண்டியது இன்னும் சிறிய படிகளும் இன்னும் நீண்ட காலமும்தான்.

நாய்க்காக வகுத்த இதே ஏணி நீச்சலுக்கும், புதிய பள்ளிக்கும், பழகாத சுவைக்கும், முதன்முறை ஏறும் நகரும் படிக்கட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றைத் தீங்கின்றிப் பலமுறை கண்டாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சையான்ஸ் 1968இல் சோதனைகளின் வழியே காட்டினார். புதிய பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை ஒரு மாலையில் பூட்டிய வாயிலருகே அழைத்துச் சென்று, மரங்களை எண்ணிவிட்டுத் திரும்பலாம். மறுநாள் வகுப்பறை வரை போய் வரலாம். நீச்சல் குளத்தின் படியில் கணுக்கால் அளவு நீரில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால், அது வீணான மாலையன்று.

பின்னடைவு வரும், அதற்காக இடிந்துபோக வேண்டாம். பீட்டருக்கும் வந்தது. நடுவில் செம்புள்ளிக் காய்ச்சல் கண்டு இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்த அவன், அங்கிருந்து வண்டியில் ஏறும்போது பெரிய நாய் ஒன்று அச்சுறுத்தியதால், தொடங்கிய நிலைக்கே திரும்பிவிட்டான். ஜோன்ஸ் முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கி, அவனை முயலின் அருகில் கொண்டுவந்தார். பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை, அதன் பக்கத்திலேயே புதியதோர் அனுபவம் வலுப்பெறுகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். அதனால் ஒரே நாயிடம் ஒரே வீட்டில் மட்டும் பழகுவது போதாது. வேறு நாய், வேறு இடம், வேறு நேரம் என்று மாற்றிப் பழகினால்தான் அது நிலைக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத, உரிமையாளர் இல்லாத விலங்கிடம் இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது. உண்ணும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் தாயையும் நெருங்கக் கூடாது. சிறு குழந்தையை எந்த விலங்குடனும் தனியே விடக் கூடாது. கடிபடும் குழந்தைகள் பலரைக் கடிப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாய்தான். கடியோ கீறலோ பட்டால், அது எத்தனை சிறியதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது, உரிய நேரத்தில் போடும் தடுப்பூசி காப்பாற்றிவிடும். அச்சம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வெளியே செல்வதையும் வேலையையும் படிப்பையும் தடுக்கிறது என்றால், உளவியல் மருத்துவரையோ ஆலோசகரையோ நாடுங்கள். இப்படிப்பட்ட குறிப்பிட்ட அச்சங்களை மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் படிப்படியாகக் கையாளும் முறையை லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் 1989இல் வெளியிட்டார். அது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

விலங்கு வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினர் வரும்போது குட்டியை வாரில் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தள்ளி இருந்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொலைவில் உங்கள் குட்டியை உட்கார வையுங்கள். நாங்கள் முதன்முறை வீட்டுக்குள் போன அன்று என் தோழி அப்படித்தான் கேட்டாள். என் அக்கா மகள் கூடத்தின் மறுகோடியைக் காட்டினாள். ஆறாவது முறை நாங்கள் போனபோது அவள் காட்டிய இடம் அவளுடைய காலடிக்குப் பக்கத்தில் இருந்தது. குட்டி கும்பிடு போட்டது. அவளும் தரையில் கைகளை ஊன்றி, அதைப் போலவே ஒரு கும்பிடு போட்டாள்.